வெள்ளையா, சில்வரா, கருப்பா? கீறலும் புழுதியும் கண்ணில் படாத கார் நிறம்

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். சர்வீஸ் செலவு, ஏர்பேக் எண்ணிக்கை, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று எல்லாவற்றையும் துருவுவார்கள். நிறத்தை மட்டும் ஷோரூம் ஏசியில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்று பிடிக்கும், பையனுக்கு வேறொன்று பிடிக்கும், சேல்ஸ்மேன் தன்னிடம் ஸ்டாக் இருக்கிற நிறத்தையே "இதுதான் சார் இப்ப ஃபாஸ்ட் மூவிங்" என்று தள்ளிவிடப் பார்ப்பார். பிறகு பத்து வருஷம் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரியப் போவது நாம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சில்வர் கட்சி. அதையே வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. எனக்குக் கோவில்பட்டியில் உரக்கடை. பாக்கி வசூலுக்கும் நிலத்தைப் பார்ப்பதற்கும் கரிசல் காட்டுக் கிராமங்களுக்குள் போய்வர வேண்டும். வீட்டுக்காரிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், அங்கே போனால் செக்கச்செவேல் என்று தேரி மண். இரண்டு மண்ணும் ஒரே வண்டியில் படிகிறது. சென்னையில் அடுக்குமாடி பேஸ்மென்ட்டில் நிறுத்துகிறவருக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது, பாதி பொருந்தும்.

வாங்கும்போது போட்டி வெள்ளைக்கும் சில்வருக்கும்தான். கருப்பு என் மகனின் ஆசை. சிவப்பை நாங்கள் யாருமே பேச்சில்கூட எடுக்கவில்லை, ஆனாலும் கேட்பவர்கள் இருப்பதால் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறேன்.

அழுக்கு வேறு, கீறல் வேறு

"எந்தக் கலர்ல அழுக்கு, கீறல் தெரியாது?" என்று ஒரே மூச்சில் கேட்கிறோம். அவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு நல்ல பதிலாக இருக்கும் நிறம் மற்றதற்குக் கைவிட்டுவிடும். அழுக்கை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன விஷயம், கழுவினால் போய்விடும்.

தேரி மண்ணை விட்டுவிட்டால், காய்ந்த புழுதி பெரும்பாலும் வெளுத்த நிறம்தான். கரிசல் காடு பார்க்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். அதுவே காய்ந்து தூளாகிப் பானெட்டில் படிந்தால் சாம்பல். அதனால் கருப்பு, அடர் நீலம், அடர் பச்சை எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரியும். மழை பெய்து சேறானால் கதை மாறும். ஈரச் சேறு அடர்த்தியான நிறம், அது வெள்ளையில் காட்டிக்கொடுக்கும். சக்கர வளைவிலிருந்து கதவின் அடிப்பாகம் வரை தெறித்த சேறு வெள்ளை வண்டியில் தெருமுனையிலிருந்தே தெரியும். சில்வர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் புழுதியிலும் தப்பிக்கிறது, சேற்றிலும் ஓரளவு தப்பிக்கிறது.

தேரி மண்ணுக்கு மட்டும் சில்வர் அவ்வளவு தாங்காது. சாத்தான்குளம், உடன்குடி பக்கம் போய்விட்டு வந்தால் கீழ்ப்பாதி செம்பழுப்பாகி நிற்கும். அந்த மண்ணுக்குப் பழுப்போ பீஜோதான் சரி. பிரச்சினை என்னவென்றால், நம் விலைக்குள் வருகிற வண்டிகளில் அந்த நிறங்களைத் தேடிப் பிடிப்பதே இப்போது பெரும்பாடு. கிடைத்தாலும் விற்கும்போது ஆள் தேட வேண்டும்.

புழுதியைவிட மோசமான ஒன்று உண்டு: போர் தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் வண்டியைக் கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டுப் பாருங்கள். துளித் துளியாக வெள்ளை வட்டம் நிற்கும். தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சுகிற சுண்ணாம்பு அது. உடனே ஈரத்துணி போட்டால் போய்விடும். வாரக்கணக்கில் விட்டால் பெயிண்டின் மேலே இருக்கிற கிளியர் கோட் என்ற தெளிந்த பூச்சையே அரித்து, பாலிஷ் போட்டால்கூட முழுதாகப் போகாது. வெள்ளையிலும் சில்வரிலும் இந்த வட்டங்கள் இருக்கும், ஆனால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். கருப்பில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். நல்ல தண்ணீரில் கழுவ வசதி இல்லாதவர் கருப்பு வாங்குவதை நான் தடுப்பேன், சொந்த மகனையே தடுத்தேன்.

வெள்ளைக்கே உரிய ஒரு தொல்லையும் சொல்ல வேண்டும். ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகே தினமும் நிறுத்துகிற வெள்ளை வண்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். உரிமையாளர் பாடி துருப்பிடித்துவிட்டதென்று பதறிப்போவார். அது தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறந்து வந்து பெயிண்டில் ஒட்டிய இரும்புத் தூள், அதுதான் துருவேறியிருக்கிறது. எல்லா நிற வண்டியிலும் ஒட்டும், வெள்ளைதான் காட்டும். ஷாம்பு போட்டால் போகாது, அதற்கென்று விற்கிற கரைசலோ 'கிளே பார்' என்கிற களிமண் கட்டியோ வேண்டும்.

ஆயுத பூஜைக்குப் பானெட்டில் வைக்கிற சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வெள்ளையில் கறையாகுமே என்று பலர் கேட்கிறார்கள். மஞ்சள் கறை வெயிலில் தானே வெளுத்துவிடும். குங்குமத்தை மட்டும் அன்றைக்குச் சாயங்காலமே துடைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

கீறலுக்கு அடியில் என்ன நிறம்?

வண்டியின் மேல் இருப்பது ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துரு வராமல் இருக்க மின்சாரம் பாய்ச்சிப் படிய வைத்த ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நாம் பார்க்கிற நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். நாலும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறுவது சந்தேகம். நிறம் என்று நாம் தேர்ந்தெடுக்கும் அடுக்கு அதில் மெல்லியது, பெரும்பாலும் 15, 20 மைக்ரான் அளவுதான்.

கீறல் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டால், அது எந்த நிற வண்டியாக இருந்தாலும் வெளுத்த கோடாகத் தெரியும். வழவழப்பாக இருந்த இடம் சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருகிற வெளுப்பு அது. தண்ணீர் தொட்டுத் தடவினால் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருகிறதா? மேலோட்டமான கீறல். வெளுத்த கோடு வெள்ளை வண்டியில் தெரியாது, சில்வரிலும் தெரியாது. கருப்பில், அடர் நீலத்தில், சிவப்பில் நன்றாகவே தெரியும். தினமும் காலையில் காய்ந்த துணியால் வண்டியைத் தட்டித் துடைக்கிற வீடுகளில், கருப்பு வண்டியின் மேல் வெயில் விழும்போது சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிவதெல்லாம் இந்த ரகம்தான்.

இதுவரை வெள்ளையும் சில்வரும் சமம். வித்தியாசம் ஆழமான கீறலில் வருகிறது.

ஆழமாகக் கீறினால் அடியில் இருப்பது வெளியே வரும். அடியில் இருப்பது பெரும்பாலும் சாம்பல் நிறம்: பிரைமரும் சாம்பல், அதற்கும் கீழே இருக்கிற பூச்சும் சாம்பல், தகடே தெரிந்தாலும் அதுவும் சாம்பல்தான். பம்பராக இருந்தால் உள்ளே கருப்பு பிளாஸ்டிக். வெள்ளை வண்டியில் இது பென்சிலால் கிழித்த கோடு. பம்பர் முனை எங்காவது உரசியிருந்தால் மை கொட்டிய மாதிரி. சில்வரில் சாம்பல் மேல் சாம்பல். பம்பரின் கருப்பு மட்டும் சில்வரிலும் தெரியும், அதை மறைக்க முடியாது; வெள்ளையில் தெரிகிற அளவுக்கு உறுத்தாது, அவ்வளவுதான்.

கூடவே சில்வரில் அலுமினியச் செதில்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு செதிலும் ஒவ்வொரு கோணத்தில் மினுங்குவதால் பரப்பே ஒரே சீராக இருப்பதில்லை, மெல்லிய கோட்டைக் கண் தனியாகப் பிரித்தெடுக்கத் தடுமாறும். எங்கள் பக்கம் இதற்குத் தினமும் பரீட்சை நடக்கும். கிராமத்துக்குப் போகிற ஒற்றைத் தார் ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்குகிற இடத்தில் வேலிக்கருவை முள் நீட்டிக்கொண்டிருக்கும். முன் கதவில் கீச்சென்று ஆரம்பித்துப் பின் விளக்கு வரை இழுத்துவிட்டுத்தான் விடும். என் வண்டியின் இடது பக்கம் முழுக்க இந்தக் கோடுகள்தான். விரலால் தடவினால் தெரியும், நாலடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. மச்சானின் வெள்ளை வண்டியும் இதே ரோட்டில்தான் போகிறது. அதில் லேசான கோடுகள் ஒன்றும் தெரியவில்லை, ஆழமாக விழுந்தவை மட்டும் கறுத்து, உள்ளே புழுதி ஏறி, கழுவினாலும் போகாமல் நிற்கின்றன.

ஒரிஜினல் பெயிண்ட்

கீறல் கண்ணுக்குத் தெரிந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். கீறல் தெரிந்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. தீபாவளிக்கு முன்னால், வீட்டு விசேஷத்துக்கு முன்னால், "சும்மா ஒரு டச்-அப்" என்று பெயிண்டரிடம் கொண்டுபோய் விடுவோம். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். பெயிண்டரிடம் போகாமல் நம்மைத் தடுக்கிற நிறம் எதுவோ அதுதான் நல்ல நிறம்.

காரணம், கம்பெனியில் அடித்த பெயிண்டும் ஊரில் அடிக்கிற பெயிண்டும் ஒன்றாகவே முடியாது. தொழிற்சாலையில் சீட்டும் ஒயரும் கண்ணாடியும் இல்லாத வெறும் கூட்டுக்குப் பெயிண்ட் அடித்து 140 டிகிரி அளவில் சுடுகிறார்கள். ஓடுகிற வண்டியை அப்படிச் சுட்டால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கெல்லாம் உருகிவிடும். அதனால் நல்ல பூத், அதாவது பெயிண்ட் அடித்துச் சுடுகிற மூடிய அறை, வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப்பிலேயே 60, 70 டிகிரியோடு நிறுத்திக்கொள்வார்கள். பூத் இல்லாத இடத்தில் தகரக் கொட்டகையும் வெயிலும்தான். தூசி ஒட்டும், மினுமினுப்பு சீக்கிரம் போகும், பட்டி பார்த்த இடம் நாள்பட வெடிக்கவும் செய்யும்.

விற்கப் போகும்போது இதற்கு விலை வைக்கிறார்கள். பழைய கார் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கையில் பெயிண்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் இருக்கிறது. கதவில் வைத்தால் 110, 120 மைக்ரான் என்று காட்டினால் ஒரிஜினல். 250, 300 என்று காட்டினால் மறு பெயிண்ட். அதற்கு மேலே எகிறினால் உள்ளே பட்டி இருக்கிறது என்று அர்த்தம். கீறலை மறைப்பதற்காக அடித்தோம் என்று நாம் சொன்னாலும், விபத்தில் நசுங்கியதை மறைத்திருக்கிறான் என்றுதான் எதிராளி நினைப்பான். விலை பேசும்போது கீறலோடு இருக்கிற கதவு அவனுக்குப் பிடிக்காது, மறு பெயிண்ட் கதவு அவனுக்குச் சந்தேகம். பிடிக்காததற்குக் குறைக்கிறதைவிடச் சந்தேகத்துக்குக் குறைக்கிறது அதிகம்.

சில்வர் எதிர்ப்பாளர்கள் இங்கேதான் ஒரு நியாயமான வாதத்தை எடுப்பார்கள். சில்வருக்கு ஷேடு ஒட்டவே ஒட்டாது என்பார்கள். உண்மை. செதில்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து நிறமே மாறும். ஸ்ப்ரே கன்னைக் கொஞ்சம் கிட்டப் பிடித்து ஈரமாக அடித்தால் ஒரு ஷேடு, தள்ளிப் பிடித்துக் காய்வாக அடித்தால் இன்னொரு ஷேடு. தின்னர் எவ்வளவு, கம்ப்ரஸர் அழுத்தம் எவ்வளவு, அன்றைக்கு வெயில் எவ்வளவு என்று எல்லாமே அதில் கை வைக்கும். நேராகப் பார்த்தால் பொருந்தும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்தக் கதவு மட்டும் கறுத்திருக்கும். நல்ல பெயிண்டர் பக்கத்துப் பேனலிலும் கொஞ்சம் பரப்பி அடித்து வித்தியாசத்தைக் கரைப்பார். அப்போது ஒரு கதவுக்குப் போனவன் ஒன்றரைப் பேனலுக்குப் பணம் கொடுக்க வேண்டும். செதில் இல்லாத வெறும் வெள்ளையில் இந்தத் தலைவலி மிகக் குறைவு.

எங்கள் ஊர் பெயிண்டர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இது அப்படியே கெடக்கட்டும். நான் தொட்டேன்னா முழுக் கதவையும் அடிக்கணும், அப்புறம் இந்தக் கதவு புதுசு, அந்தக் கதவு பழசுன்னு நீங்களே எங்கிட்ட சண்டைக்கு வருவீங்க." தன் வருமானத்தைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு இப்படிச் சொல்கிற ஆளை இன்னும் எத்தனை வருஷத்துக்குப் பார்க்க முடியுமோ தெரியாது.

ஆக, சில்வரில் பெயிண்ட் வேலை கஷ்டம். ஆனால் பெயிண்ட் வேலைக்கே போகத் தேவையில்லாதபடி அது மறைத்துக்கொள்கிறது. வெள்ளையில் பெயிண்ட் வேலை சுலபம். சுலபம் என்பதாலேயே அடிக்கடி போகத் தோன்றும். பெரிதாக மோதிவிட்டால் எந்த நிறமானாலும் இன்ஷூரன்ஸில்தான் போகப் போகிறோம், நல்ல பூத் இருக்கிற இடமாகப் பார்த்து விடுவோம். அந்த ஒரு தடவைக்காக வெள்ளை வாங்க வேண்டியதில்லை.

கீறலுக்கே இன்ஷூரன்ஸ் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. வருஷா வருஷம் கிளெய்ம் போடாமல் இருந்தால் ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கிளெய்ம் போட்டால் தள்ளுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். அடுத்த புதுப்பிப்பில் 4,000 நஷ்டம். அதற்கடுத்த வருஷம் 50க்குப் பதில் 20தான், 2,400 நஷ்டம். பிறகு 2,000, பிறகு 1,200, பிறகு 400. பிரீமியம் மாறாது என்று வைத்தாலே மொத்தம் 10,000 ரூபாய். இது போக, 1500 சிசி வரையிலான வண்டிக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி எடுக்காதவர்களுக்குப் பெயிண்ட் பொருள் செலவில் பாதியைக் கழித்துவிடுவார்கள், பம்பர் மாற்றினாலும் பிளாஸ்டிக் என்று பாதிதான். எங்கள் ஊரில் ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிக்க மூவாயிரம், நாலாயிரம் கேட்கிறார்கள். அதற்குப் போய்க் கிளெய்ம் போடுவது கையைச் சுட்டுக்கொள்ளும் வேலை.

வெள்ளைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு

இந்தியாவில் அதிகம் விற்பது வெள்ளைதான், அதற்குக் காரணம் இருக்கிறது. விற்கப் போனால் வெள்ளைக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பான். டாக்ஸிக்கு ஓட்டுகிறவனும் வாங்குவான், வீட்டுக்கு வாங்குகிறவனும் வாங்குவான். வெயிலிலும் வெள்ளைதான் குளிர்ச்சி. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 2011இல் ஒரே மாடல் கருப்பு வண்டியையும் சில்வர் வண்டியையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். சில்வரின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை குறைவாகவும், உள்ளே காற்று 5, 6 டிகிரி குறைவாகவும் இருந்தது. வெள்ளை அதையும்விடச் சற்றுத் தேவலை. எங்கள் ஊர் மே மாதத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஆனால் வெள்ளைக்கும் சில்வருக்கும் இடையில் அந்த வித்தியாசம் முடிவை மாற்றுகிற அளவுக்குப் பெரிதும் இல்லை.

சில்வருக்கு எதிராக நான் ஒப்புக்கொள்கிற வலுவான வாதம் ஒன்று உண்டு: எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரிவது. புழுதியையும் ரோட்டையும் போலவே இருக்கிற நிறம் அழுக்கை மட்டுமா மறைக்கும், வண்டியையும் சேர்த்து மறைக்கும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பகல் வெளிச்சத்தில் வெள்ளையோடு ஒப்பிட்டால் கருப்பு வண்டிகளுக்கு விபத்து அபாயம் 12 சதவீதம், கிரேவுக்கு 11, சில்வருக்கு 10 சதவீதம் கூடுதல் என்று வந்தது. நான் மழையிலும் விடிகாலையிலும் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். கொடைக்கானல், ஊட்டி மாதிரிப் பனி மூடுகிற ஊரில் இருப்பவராக இருந்தால் கீறலாவது மண்ணாவது என்று வெள்ளையையோ, அதையும்விட நல்ல சிவப்பையோ வாங்கச் சொல்வேன். பனிக்குள் வெள்ளையும் கரைந்துவிடும்.

வெள்ளை வாங்குகிறவர்கள் எந்த வெள்ளை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாருதியின் பேர்ல் ஆர்க்டிக் ஒயிட் மாதிரி 'பேர்ல்' என்று பேர் வைத்தவை வெறும் வெள்ளை இல்லை. வெள்ளைக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் மைக்கா மினுக்கு உண்டு. பார்க்க அழகு. மறுபடி அடிக்கும்போது அந்த மினுக்கையும் அதே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதனால் சில்வருக்குச் சொன்ன ஷேடு தொல்லை இதற்கும் வரும். வெள்ளையின் பெரிய பலமே சுலபமாகப் பொருந்துவதுதான். பேர்லில் அது கழன்றுவிடுகிறது. இன்னொன்று, வருஷம் ஏற ஏற வெள்ளை வண்டியின் பம்பர் ஒரு வெள்ளையாகவும் பானெட் ஒரு வெள்ளையாகவும் தெரிய ஆரம்பிக்கும். அடுத்த முறை டிராஃபிக்கில் நிற்கும்போது முன்னால் நிற்கிற வெள்ளை வண்டியின் பின் பம்பரையும் டிக்கிக் கதவையும் பாருங்கள்.

மற்ற நிறங்களுக்கு அதிக இடம் கொடுக்கத் தேவையில்லை. கருப்பு கழுவி முடித்த அரை மணி நேரத்துக்கு ராஜா, அதன் பிறகு வேலைக்காரன் நாம். அடர் நீலம் கருப்பின் தம்பி, கொஞ்சம் மன்னிக்கும். சிவப்பில் புழுதி சுமாராக மறையும், தேரி மண்ணுக்கு அழகாகவே பொருந்தும், ஆனால் கீறல் வெள்ளைக்கோடாக எரியும். வெயிலில் நின்ற பழைய சிவப்பு வண்டிகளின் கூரையும் பானெட்டும் ரோஸாகி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். இப்போதைய கிளியர் கோட் அதை நிறையத் தாமதப்படுத்துகிறது.

கிரே என்றால் எந்த கிரே என்று பார்க்க வேண்டும். நடுத்தரமான மெட்டாலிக் கிரே சில்வரோடு சேர்த்தி, சில இடங்களில் சில்வரையும் மிஞ்சும். பம்பர் உரசினால் உள்ளே தெரிகிற கருப்பு அதில் இன்னும் குறைவாகத் தெரியும். ஹூண்டாயின் டைட்டன் கிரே, மாருதியின் மாக்மா கிரே மாதிரி அடர்ந்து போகப் போகக் கருப்பின் குணம் வந்துவிடும், புழுதியும் போர் தண்ணீர் வட்டமும் காட்ட ஆரம்பிக்கும். செதிலே இல்லாமல் சிமெண்ட் பூசிய மாதிரி வருகிற புது கிரேக்கள் எனக்கு ஓட்டிப் பழக்கம் இல்லாதவை. செதில் இல்லாததால் ஷேடு பொருத்துவது சுலபம், புழுதியும் மறையும் என்று பார்த்தால் தோன்றுகிறது. மேட் ஃபினிஷ் வேண்டாம் என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன். மேட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட வழியில்லை. தேய்த்த இடம் பளபளத்து அதுவே தனியாகத் தெரியும்.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஷோரூம் விளக்கில் புது வண்டியைப் பார்க்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் எல்லா நிறமும் அழகுதான். நீங்கள் நினைத்திருக்கிற நிறத்தில் ஐந்து வருஷம் ஓடின வண்டியைக் கல்யாண மண்டப வாசலிலோ மார்க்கெட் பார்க்கிங்கிலோ தேடி, பகல் பதினோரு மணி வெயிலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் பம்பரின் இரண்டு முனை, கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற குழி, டிக்கி விளிம்பு, இந்த மூன்று இடத்தையும் பார்த்தால் போதும். கைப்பிடிக் குழியில் நகக்கீறலும் மோதிரக் கீறலும் மொத்தமாகச் சேர்ந்திருக்கும்.

கடைசியாக, கீறலைத் தொடாதீர்கள் என்று நான் இவ்வளவு சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பம்பரில் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் விட்டுவிடலாம், பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. கதவு, ஃபெண்டர், டிக்கி மாதிரித் தகட்டில் விழுந்த கீறலை நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டி, உள்ளே தகடு மினுங்கினால் விடக் கூடாது. அதிலும் தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டி என்றால் மழைக் காலத்துக்குள் அடைத்துவிட வேண்டும். சில்வரில் பிரஷ்ஷால் தொட்டுவைக்கிற டச்-அப் பெயிண்ட் கறுத்த பொட்டாகத்தான் தெரியும், செதில்கள் சரியாகப் படுக்காது. பரவாயில்லை, அழகுக்காக வைப்பதில்லை அது. மாருதி சில்வர் என்றால் போதாது, கலர் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். சில்கி சில்வருக்கு இசட்2எஸ். மற்றக் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியிலோ டிரைவர் கதவுத் தூணிலோ இருக்கிற பிளேட்டில் அந்தக் குறியீடு இருக்கும். தீக்குச்சி முனையால் கீறலுக்குள் மட்டும் வைத்து, காய்ந்ததும் இன்னொரு தடவை வைத்தால் போதும்.